விஜயதசமியன்று மினுங்கிய நீல விளக்கு

போன வாரம் வாடிப்பட்டியிலிருந்து முத்தையா போன் செய்தான். கப்பலூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

“அண்ணே, கம்ப்யூட்டர்ல எல்லா ஃபைலுக்கும் பின்னாடி வாலு முளைச்சிருக்கு. எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது. காசு கேட்டு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வேற கிடக்கு. இதை எப்படிண்ணே எடுக்கிறது?”

“எதை எடுக்கணுங்கிற? வைரஸையா, பூட்டையா?”

“ரெண்டும் ஒண்ணுதானேண்ணே. எங்க வீட்டுக்காரிதேன் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டா.”

“முதல்ல நெட் வயரைப் பிடுங்கு. அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து, ரெண்டு நாளா அந்தக் கம்ப்யூட்டர்ல நீ என்னென்ன செஞ்சேன்னு எழுது. உன் பொண்டாட்டி செஞ்சது இல்ல, நீ செஞ்சது.”

“அதான் ஞாபகம் இருக்கேண்ணே.”

“இருக்காது. எழுதுடா” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான்? எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று அவனிடம் போனில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். டி.வி. ரிப்பேர், ஸ்டெபிலைசர் ரிப்பேர் என்று நாலைந்து வருடம் அலைந்தேன். பிறகு கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். பம்புக்குப் போடும் வாஷர், புஷ் எல்லாம் அங்கே தயாராகும். ஒரு நாள் மூன்று கம்ப்யூட்டர் வந்து இறங்கின. “மின்சாரத்துல ஓடுறதுதானே, நீயே பாரு” என்றார்கள். அப்படித்தான் நான் கம்ப்யூட்டர்காரன் ஆனேன். ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கம்பெனியின் சர்வர், நெட்வொர்க், பிரிண்டரில் சிக்கும் காகிதம் எல்லாம் என் தலையில்தான்.

சர்வரில் இருந்தவை அச்சுகளின் வரைபடங்கள். ரப்பரை அழுத்தி வார்க்கிற இரும்பு அச்சுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அளவு உண்டு. அந்த வரைபடம் போனால் அச்சு தேய்ந்த பிறகு புதிதாகச் செய்ய வழியில்லை. அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி நகல் எடுப்பேன். முடிந்ததும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவேன். மற்ற நேரத்தில் அந்த டிஸ்க்கைச் சர்வர் பக்கம் அண்ட விடமாட்டேன். இரண்டாவதாக ஒரு டிஸ்க் வாங்கி வெளியே வைத்திருக்க வேண்டும் என்று தெரியும். கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

மேனேஜர் தனுஷ்கோடி சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. முப்பது வருடத்தில் அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அன்று தொழிற்சாலையில் நடப்பதையெல்லாம் அதன் பின்பக்கம் பென்சிலால் நேரம் போட்டு எழுதுவார். வாரம் முடிந்ததும் தாள்களைக் கிளிப் போட்டு மேஜை இழுப்பறையில் வைப்பார். அவர் அதை எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை. இன்னொரு பழக்கம், ஒரு விஷயத்தை மூன்று தடவை கேட்பார். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, கிளம்பும் நேரத்தில் ஒரு தடவை. முதல் தடவை மனுஷன் பயத்தில் பதில் சொல்வான், இரண்டாவது தடவை யோசித்துச் சொல்வான், மூன்றாவதில்தான் உள்ளது வரும் என்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு எல்லா மெஷினையும் துடைத்து, நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போடுவோம். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் ஒவ்வொன்றாக ஓட விடுவோம். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. முதல் நாள் பொட்டு வாங்கிய எதுவும் மறுநாள் ஓடாமல் இருக்கக் கூடாது. கம்ப்ரஷர், பிரஸ், எடை மெஷின், கால்குலேட்டர் வரைக்கும் ஒரு தடவை உயிர் வந்து அடங்க வேண்டும்.

பொட்டு வைத்தது கோமதி. சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தாள். திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பார்ட்டிகளுக்கு மெயில் அனுப்புவது, வரைபட நம்பரைச் சரிபார்ப்பது எல்லாம் அவள் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், “அண்ணே, பீரோ சாவியக் குடுங்க. அந்த டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு வச்சிர்றேன், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு” என்றாள். கொடுத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை ராகு காலம் கழிந்து நல்ல நேரத்தில் ஒவ்வொன்றாக ஓட விட்டோம். இலை போட்டுச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு கோமதி டிஸ்க்கை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சர்வரை அணைக்காமல் நானும் கிளம்பினேன். இதுவும் ஞாபகம் இருக்கிறது. நடுவில்தான் ஓட்டை.

திங்கட்கிழமை காலை வரைபடம் எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஐந்து எழுத்தில் ஒரு வால். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு கடிதம். உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் இத்தனை நாளுக்குள் இவ்வளவு அனுப்பு என்று. பேப்பரில் படித்திருக்கிறேன். நம் வீட்டுக்கு வரும் என்று யார் நினைத்தது?

ஃபைலைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் இந்த ரான்சம்வேர் நடந்துகொள்ளும் விதமே ஆளைக் குழப்புவதுதான். மற்ற வைரஸ் மாதிரி கம்ப்யூட்டரைப் படுக்கப் போடாது. விண்டோஸ் நன்றாக ஓடும், மவுஸ் நகரும், நெட் வரும். அதன் கடிதத்தை நாம் படிக்க வேண்டுமல்லவா? உள்ளே நுழைந்ததும் உடனே வேலையைக் காட்டுவதும் இல்லை. சில நாள் பதுங்கிக் கிடக்கும். ஆள் இல்லாத விடுமுறையாகப் பார்த்துத் தொடங்கும். ஆன்டி வைரஸை அணைக்கும். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிக்கும். பிறகு ஃபைல் ஃபைலாக எடுத்து, உள்ளே இருப்பதை உருமாற்றிப் பூட்டும். சர்வரில் சொருகியிருக்கிற டிஸ்க், பென் டிரைவ், நெட்வொர்க்கில் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர், எதையும் விடாது. வைரஸை நீக்கினால் புதிதாகப் பூட்டுவது நிற்குமே தவிர, பூட்டியது பூட்டியபடிதான் இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு போனவனை ஊரைவிட்டே விரட்டினாலும் கதவு திறக்காது. முத்தையாவுக்கு இதைப் புரிய வைக்கத்தான் பாடுபட்டேன்.

எல்லா நெட்வொர்க் வயரையும் பிடுங்கினேன். கடிதத்தைப் போனில் படம் எடுத்தேன். முதலாளி வந்து, “கேக்குறதக் குடுத்துட்டா திறந்துருவானா?” என்றார். “குடுத்தவுகளுக்கே திறக்காம போயிருக்கு சார். சைபர் கிரைம்ல எழுதிக் குடுப்போம். நம்மகிட்ட பேக்கப் இருக்கு” என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள். ஊரே ஏமாந்தாலும் நான் ஏமாற மாட்டேன் என்ற திமிர்.

பீரோவைத் திறந்தேன். டிஸ்க் இருந்தது, மேலே குங்குமப் பொட்டு. நெட் பக்கமே போகாத ஒரு லேப்டாப்பில் சொருகினேன். எல்லா ஃபைலுக்கும் அதே ஐந்து எழுத்து வால். ஃபைல்கள் மாறிய நேரத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை பதினொன்று பதினாலில் தொடங்கி, பன்னிரண்டு நாற்பது வரைக்கும். அதாவது விஜயதசமி அன்று, நல்ல நேரத்தில், யாரோ இந்த டிஸ்க்கைச் சர்வரில் சொருகியிருக்கிறார்கள். நாங்கள் இலையில் பாயசம் ஊற்றிச் சாப்பிடும்போது அது உள்ளே பூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தனுஷ்கோடி சார் கேட்டார். “டிஸ்க்கை யாருய்யா சொருகுனது?”

“தெரியல சார்.”

பொய் சொல்லவில்லை. மண்டையைக் கசக்கி யோசித்தேன். நான் சனிக்கிழமை நகல் எடுக்கவில்லை, விடுமுறை. நகல் எடுக்காதபோது சொருக மாட்டேன், அது என் சட்டம். ஆகவே நான் சொருகவில்லை. இப்படித்தான் மனசு கணக்குப் போட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு சார் மறுபடி கேட்டார். “தெரியல சார்.” கிளம்பும்போது மூன்றாவது தடவை கேட்டார். கோமதியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். “தெரியல சார்” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். சாவி அவளிடம் இருந்திருக்கிறது. டிஸ்க்கை உள்ளே வைத்ததும் அவள்தான். போதாததற்கு, முந்தின வாரம் கூரியர் கம்பெனி பெயரில் வந்த ஒரு மெயிலைத் திறந்தும் இருக்கிறாள்.

“பொட்டு வச்சேன் சார். சாப்பிட்டுட்டு எடுத்துப் பீரோவுல வச்சேன். அம்புட்டுதேன்” என்றாள்.

“நடுவுல சொருகுனது யாரு?”

அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். “எனக்குக் குழப்பமா இருக்கு சார்” என்றாள்.

“குழப்பம் தீர்ற வரைக்கும் வீட்ல இரும்மா” என்று முதலாளி சொல்லிவிட்டார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் நடப்பது டீக்கடை வழியாகப் பத்து கம்பெனிக்குப் போய்விடும். மறுநாளே பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் என்னிடம், “வைரஸ் கோமதியை அனுப்பிச்சிட்டீகளாமே” என்று கேட்டான். இனி இந்தப் பேட்டையில் எந்தக் கம்பெனி அவளை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார விடும்? பதினாறு வருடம் ஒரு வரைபட நம்பர் கூட மாற்றி அனுப்பாதவள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளுக்குள், நாம் இல்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த வாரம் முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை. பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் அப்படியே ஒரு புது டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். இந்தக் கும்பல்கள் பிடிபட்டுச் சாவி வெளியே வந்த கதையும் உண்டு. பூட்டிய ஒரு ஃபைலையும் கடிதத்தையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, இது எந்த வகை என்று கண்டுபிடித்துச் சொல்லும் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். வகை தெரிந்தது. அதற்கு இலவசச் சாவி இன்னும் இல்லை என்றும் தெரிந்தது. சுத்தமான பென் டிரைவிலிருந்து சர்வரை எழுப்பி ஸ்கேன் ஓட்டினேன். இரண்டு இடத்தில் பதுங்கியிருந்தது. கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானாக ஓடும்படி ஒன்று, குறித்த நேரத்துக்கு ஓடும்படி ஒன்று. பிடித்து நீக்கினேன். நீக்கினாலும் நம்ப முடியுமா? எல்லாவற்றையும் அழித்து விண்டோஸையே புதிதாகப் போட்டேன். பாஸ்வேர்டு அத்தனையும் மாற்றினேன்.

எப்படி நுழைந்தது என்று மட்டும் தெரியவில்லை. கோமதி திறந்த மெயிலாக இருக்கலாம். மெஷின் விற்றவர்கள் வெளியூரிலிருந்தே சர்வருக்குள் வந்து பார்க்கட்டும் என்று நான் திறந்துவிட்டு மூட மறந்த வழியாகவும் இருக்கலாம். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்கிற பதிவை அது போகிற போக்கில் அழித்துவிட்டுத்தான் போயிருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. அந்த வழியை மூடினேன்.

வரைபடங்களில் பாதி கிடைத்தது, அதுவும் விசித்திரமாக. ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் பவர் சப்ளை போய் அது எழவில்லை. பொட்டு வாங்கினது ஓடாமல் கிடக்கிறதே, அபசகுனம் என்று முதலாளி அன்றைக்கு முகம் சுளித்தார். அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தின வரைபடம் அத்தனையும் வால் இல்லாமல் இருந்தது. ஓடாததால் பிழைத்திருக்கிறது. இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை.

சைபர் கிரைமுக்குக் கொடுக்கும் புகாரில், எந்த நேரத்துக்கு வேலையைத் தொடங்கியது என்று எழுத வேண்டியிருந்தது. சர்வரை விஜயதசமி அன்று எத்தனை மணிக்குப் போட்டோம்? எனக்கு நிச்சயமில்லை. சனிக்கிழமை மத்தியானம் தனுஷ்கோடி சாரிடம் போய், “சார், அன்னைக்குத் தாள் இருக்கா? சர்வர் போட்ட நேரம் வேணும்” என்று கேட்டேன். மேஜை இழுப்பறையைத் திறந்து, கிளிப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். பிறகு பிளேடை எடுத்துப் பென்சில் சீவ ஆரம்பித்தார்.

வரிசையாக எழுதியிருந்தது. 10.46 கம்ப்ரஷர். 10.49 முதல் பிரஸ். எடை மெஷின், கால்குலேட்டர். 11.05 சர்வர். அதற்குக் கீழே:

11.12 பேக்கப் பெட்டி. சண்முகவேல் சொருகினார். நீல விளக்கு நன்றாக மினுங்கியது. அறையில் இருந்த மூவரும் கும்பிட்டோம்.

சண்முகவேல் நான்தான்.

நாலு தடவை படித்தேன். அந்த டிஸ்க்கின் விளக்கு, உள்ளே எழுதும்போதும் படிக்கும்போதும்தான் மினுங்கும். ஒன்றும் செய்யாமல் சும்மா சொருகினால் அசையாமல் எரியும். நன்றாக மினுங்கியது என்றால், சொருகியதுமே அது உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது. அதைத்தான் நாங்கள் கைகூப்பிக் கும்பிட்டிருக்கிறோம்.

“சார், இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

அவர் பென்சிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எழுதுறதோட சரி. திரும்பிப் படிக்கிற வழக்கமில்ல.”

“அப்ப ஏன் சார் மூணு தடவ கேட்டீக?”

“நான் எதையும் மூணு தடவதான கேப்பேன்.”

அவர் என்னைக் காப்பாற்றினாரா, சோதித்தாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா? பிறகும் பல வருடம் அவரோடு வேலை பார்த்தேன், கேட்கத் துணியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன். “சொருகுனது நான் சார். கோமதி இல்ல” என்று தாளை வைத்தேன். வேலை போகும் என்று தெரிந்துதான் போனேன். அவர் தாளை எடுத்துப் படித்தார். பிறகு, “அப்பா வச்ச வழக்கம்யா அது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “போய் அந்தப் பிள்ளையக் கூப்பிட்டுட்டு வா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பரங்குன்றம் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கோமதி பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு நாளில் முகம் வற்றிப் போயிருந்தது. “வாங்கண்ணே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“கோமதி, டிஸ்க்கைச் சொருகுனது நாந்தேன்.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எனக்கும் அப்படித்தேண்ணே ஞாபகம்” என்றாள்.

“ஞாபகமா?”

“தட்டைப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துலதான நின்னேன். கையெல்லாம் குங்குமமா இருக்கேன்னு நாந்தேன் துணி குடுத்தேன். தொடைச்சிட்டுச் சொருகுனீக.”

“அப்புறம் ஏம்மா அன்னைக்குச் சொல்லல?”

“சொல்லத்தேன் வந்தேன். நீங்க தெரியலன்னீக. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. இம்புட்டு வருசத்துல நீங்க பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. அதுனால நாமதேன் தப்பா நினைக்கிறோம்னு ஆயிருச்சு. சாவி எங்கிட்ட இருந்துச்சு, ஒருவேள நான் சொருகிட்டேனோ? படுத்தா எந்திரிச்சா அதே நெனப்புதேன். இப்பக் கண்ண மூடுனா என் கை சொருகுற மாதிரியே தெரியுதுண்ணே. உங்க கை வரவே மாட்டேங்குது.”

தாளை எடுத்து நீட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குப் போய், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“அப்ப நான் இல்ல” என்றாள். என்னைக் கேட்டது போலவும் இருந்தது.

“நீ இல்லம்மா. நான்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வாரேண்ணே” என்றாள். வந்தாள். கிடைக்காமல் போன கடைசி மூன்று வருட வரைபடங்களுக்கு அச்சுகளையே ஒவ்வொன்றாக வெர்னியரில் அளந்தோம். நான் அளவு சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இரண்டாவது டிஸ்க் வாங்கினோம். அதற்கும் பொட்டு உண்டு, விஜயதசமிக்குச் சொருகுவது மட்டும் இல்லை. வாட்ச்மேனிடம் நானே போய்ச் சொன்னேன், வைரஸ் கோமதி இல்லை, வைரஸ் சண்முகவேல் என்று. அவன் சிரித்தான், நம்பினானா தெரியாது.

அந்தத் தாளை தனுஷ்கோடி சார் திருப்பிக் கேட்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் படிக்கலாம். முதலாளியிடம், கோமதியிடம், இப்போது உங்களிடம், நான்தான் சொருகினேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். இதை எழுத உட்காரும் முன்னாலும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பார்த்தேன். கோமதி தட்டோடு நிற்கிறாள், துணி கொடுக்கிறாள். அதுவும் அவள் சொன்னதால்தான் தெரிகிறது. நீல விளக்கு மினுங்குகிறது. சொருகிய கை மட்டும் இன்று வரைக்கும் ஞாபகம் வரவில்லை.